ஹீரோவுக்கு மரம் ஏறத் தெரியும்னு எப்ப காட்டணும்? புதுசா படம் எடுக்குறவங்களுக்கு

பொள்ளாச்சி ஆனைமலை பக்கம் இருக்கிற பசங்களும் சரி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி அக்கட்டால கேரளால கொழிஞ்சாம்பாறை எருத்தேம்பதின்னு இருக்கிற நம்ம தமிழ் பசங்களும் சரி, இப்ப கைல ஒரு கேமரா கிடைச்சா ஷார்ட் ஃபிலிம் எடுக்க கிளம்பிடறாங்க. நல்லதுதான். கதையா சொல்லும்போது நல்லாவும் இருக்கும். ஆனா எடுத்து முடிச்சு நாலு பேருக்கு போட்டு காட்டும்போது க்ளைமாக்ஸ்ல ஒரு இடத்துல எல்லாரும் நெளிவாங்க பாருங்க, அது பெரும்பாலும் ஒரே காரணம்தான். "இவனுக்கு இது எப்படிடா தெரியும்?"

ஹீரோ திடீர்னு பூட்டைத் திறப்பான், திடீர்னு நீச்சல் அடிப்பான், திடீர்னு பத்து பேரை அடிப்பான். டைரக்டர் மனசுல அவனுக்கு அதெல்லாம் தெரியும். நம்மகிட்ட யாரும் சொல்லலையே.

என் கருத்தை இப்பவே சொல்லிடறேன், பொறவு படிக்கிறதும் விடறதும் உங்க இஷ்டம். ஹீரோவோட எல்லா திறமையையும் காட்ட வேண்டியதில்லைங்க. கதையோட முடிச்சை எந்த திறமை அவுக்குதோ அதை மட்டும் காட்டுங்க, முன்னாடியே காட்டுங்க, வேற எதையோ காட்டுற மாதிரி காட்டுங்க. அதுல முக்கியம், அவனால எது முடியும்ங்கிறதை விட எது முடியாதுங்கிறதை காட்டணும். இதை எப்படி செய்யறதுன்னுதான் கீழ படிப்படியா எழுதியிருக்கேன். ஒரே கதையை வெச்சுட்டு போலாம், அப்பதான் புரியும்.

கதை

நம்ம ஆளு பேரு நாட்ராயன். தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளு இறக்க தடை, கேரளால லைசென்ஸ் எடுத்து இறக்கலாம், அதனால இவன் தினமும் பார்டர் தாண்டி சித்தூர் பக்கம் ஒரு தோப்புக்கு பாளை சீவப் போறான். ஒரு ராத்திரி நல்ல மழை. தோப்புச் சாளைல, அதான் தோப்புக்குள்ள இருக்கற வீட்டுல, தோப்புக்காரரோட பேத்தி இருக்கா, அவளை பாம்பு கடிச்சிடுது. ஓடைல தண்ணி போகுது, வண்டி தாண்டாது. கீழ போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இல்ல. தென்னை மரத்து உச்சில மட்டும் கிடைக்கும். ஏறணும். அவ்வளவுதான் கதை. பதினஞ்சு நிமிஷப் படத்துக்கு இது போதும்.

படி 1: கடைசி சீனை முதல்ல எழுதுங்க

நிறைய பேரு ஹீரோ இன்ட்ரோவுல இருந்து எழுத ஆரம்பிக்கிறாங்க. ஸ்லோ மோஷன்ல கால், அப்புறம் கை, அப்புறம் முகம். அதை ஓரமா வைங்க. க்ளைமாக்ஸை ஒரு பேப்பர்ல எழுதி, அவன் செய்யற ஒவ்வொரு வேலைக்கும் கீழ ஒரு கோடு போடுங்க. நாட்ராயன் விஷயத்துல: இருட்டுல ஏறறான், மழைல ஏறறான், மேல போய் ஒரு கையால பிடிச்சுட்டு போன் பேசறான், அங்க சிக்னல் கிடைக்கும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

நாலு விஷயம் ஆச்சு. இதுல எது இல்லைன்னா கதை நின்னு போகும்னு பாருங்க. நாலுமேதான், ஆனா நாலும் ஒரே ரகம் இல்ல. அதுக்குத்தான் அடுத்த படி.

படி 2: எதைக் காட்டணும், எதை விட்டுடலாம்

தொழில் தர்ற திறமையை காட்ட வேண்டியதில்ல. லாரி டிரைவர்னு சொல்லிட்டா லாரி ஓட்டத் தெரியும்னு எல்லாரும் நம்பிடுவாங்க, நர்ஸ்னா ஊசி போடத் தெரியும். கள்ளு இறக்குறவன்னா மரம் ஏறத் தெரியும், அதுக்கு தனியா ஒரு சீன் வெச்சா வேஸ்ட். தொழிலுக்கு மேல ஒரு படி போறதைத்தான் காட்டணும். இருட்டுல டார்ச் இல்லாம ஏறுவான்ங்கிறது ஒரு படி மேல. மழைல ஏறறது இன்னும் மேல.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு ரொம்ப உதவறது இதுதான். ஹீரோவை சிக்கல்ல மாட்டி விடற திறமைக்கு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. காப்பாத்துற திறமைக்கு கட்டாயம் கேப்பாங்க. ஒருத்தனுக்கு சீட்டாட்டத்துல கை நல்லா வரும், அதனால ரவுடிகிட்ட மாட்டிக்கிட்டான்னு ஆரம்பிச்சா ஒத்துக்குவாங்க. அதே ரவுடிகிட்ட மாட்டுன பொறவு கடைசில "இவனுக்கு சீட்டு நல்லா வரும்"னு சொல்லி தப்பிக்க வெச்சா எந்திரிச்சு போயிடுவாங்க. திறமை ஒண்ணுதான், வர்ற நேரம்தான் வேற.

இங்க உடனே ஒருத்தர் கேப்பாரு, மாஸ் படத்துல யாரும் இதெல்லாம் பாக்குறதில்லையே, ஹீரோ வந்தவுடனே அடிக்கிறாரே, நாம கைதட்டறோமேன்னு. ஆமா. ஆனா அந்த நம்பிக்கை அந்தப் படத்துல சம்பாதிச்சது இல்லீங்க. கொல்லங்கோட்டுக்கு பக்கத்துல வடவன்னூர்ல எம்.ஜி.ஆர் குடும்பத்து வீடு இருக்கு, இன்னைக்கும் நம்மாளுங்க போய் பாத்துட்டு வர்றாங்க. அவர் படத்துல கத்தியை எடுத்தா இவருக்கு கத்திச்சண்டை எப்படி தெரியும்னு யாராவது கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி வந்த அத்தனை படத்துலயும் கத்தி, சிலம்பம்னு பாத்தாச்சு. ஸ்டாரோட திறமை பழைய படத்துல இருந்து சேமிப்பா வருது. உங்க ஹீரோ உங்க கூடப் படிச்ச பையன். அவன் கணக்குல ஒண்ணுமே இல்ல. அவனை வெச்சு ஸ்டார் படத்து இன்ட்ரோவை காப்பி அடிச்சா சிரிப்புதான் வரும்.

ஒரு கோவமும் இருக்கு எனக்கு, இங்கயே சொல்லிடறேன். ஆம்பளை நாலு பேரை அடிச்சா யாரும் காரணம் கேக்கறதில்ல. பொண்ணு ஒருத்தி ஒருத்தனை அடிச்சா உடனே "இவளுக்கு கராத்தே எப்ப சொல்லிக் குடுத்தாங்க"ன்னு கேப்பாங்க. அது நியாயமே இல்ல. ஆனா அந்த கேள்வியால பொண்ணுங்களை வெச்சு எழுதுற கதைல திறமையை ஒழுங்கா விதைச்சு எழுதறாங்க, ஆம்பளைக் கதைல சோம்பேறித்தனமா விட்டுடறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வியை கேளுங்க, உங்க ஸ்கிரிப்ட் தானா நல்லாயிடும்.

அப்புறம் இந்த பார்டர் விஷயம். நமக்கு சாதாரணமா இருக்கிறது வெளியூர்க்காரனுக்கு திறமை. கோபாலபுரத்துக்காரன் செக்போஸ்ட்ல மலையாளம் பேசினா நமக்கு அது ஒரு விஷயமே இல்ல, பஸ்ல அவன் பக்கத்துல உக்காந்திருக்க அம்மா கூட பேசும். அதே படத்தை சென்னைல போட்டா "இவனுக்கு மலையாளம் தெரியும்னு சொல்லவே இல்லையே"ம்பாங்க. ரேக்ளா, அதான் மாட்டு வண்டிப் பந்தயம், ஓட்டுறதும் அப்படித்தான், உடுமலை பொள்ளாச்சி பக்கம் காளையைப் பிடிச்சு நிக்கற பையனை ஒரு ஷாட் காட்டினா போதும், மத்த ஊருக்கு அந்த வண்டி எவ்வளவு சின்னது, அதுல நிக்கறதே எவ்வளவு கஷ்டம்னு காட்டணும். அதனால படம் யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எல்லாருக்கும்னு சொன்னீங்கன்னா ஊருக்குப் புதுசா வந்தவன் ஒருத்தனை கதைக்குள்ள விடுங்க, அவன் முழிக்கிற முழிலயே பாதி வேலை முடிஞ்சிடும்.

படி 3: வேற எதையோ காட்டுற மாதிரி காட்டுங்க

இதுதான் இருக்கறதுலயே கஷ்டமானது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

திறமையை காட்டறதுக்குன்னே ஒரு சீன் எழுதினா அது மூணாவது செகண்டுலயே தெரிஞ்சிடும். "இதை க்ளைமாக்ஸ்ல யூஸ் பண்ணுவான்"னு பின் சீட்ல இருந்து சத்தம் வரும். அதனால அந்த சீனுக்குன்னு ஒரு சொந்த வேலை இருக்கணும். சண்டையோ, காமெடியோ, காதலோ, கடன் கேக்கறதோ, ஏதோ ஒண்ணு. பாக்குறவங்க அதைப் பாத்துட்டு இருக்கும்போது திறமை பக்கவாட்டுல உள்ள போயிடணும்.

நாட்ராயனுக்கு நான் எழுதுனா இப்படி எழுதுவேன். விடியறதுக்கு முன்னாடி, நல்ல இருட்டு. அவன் பொண்டாட்டி போன் அடிக்கறா, கீழ நின்னு எடுத்தா "அலோ அலோ"ன்னு கட் ஆகுது. பேசிட்டே ஏற ஆரம்பிக்கிறான். ஏற ஏற சத்தம் தெளிவாகுது. ரேஷன் கார்டு, மாமியார், மொய் எவ்வளவு வைக்கணும்னு சண்டை. போனை வாயில கடிச்சுட்டு கலயத்தை மாத்துறான், திரும்ப காதுல வைக்கிறான், அவ இவ்வளவு நேரம் இவன் கேட்டுட்டு இருந்தான்னு நினைச்சு இன்னும் திட்டுறா. "ஏன் பதிலே காணோம்?" "வாயில போனு இருந்துச்சு." கட்.

பாக்குறவங்க சிரிச்சிருப்பாங்க, அவங்களுக்கு அது புருஷன் பொண்டாட்டி சீன். ஆனா இருட்டுல ஏறுவான், ஒரு கைல பிடிச்சுப்பான், மேல சிக்னல் உண்டுன்னு மூணு விஷயம் உள்ள போயாச்சு. யாருக்கும் தெரியாம.

இதை பெரிய அளவுல பண்ண படம் த்ரிஷ்யம். 2013ல மலையாளத்துல வந்துச்சு, 2015ல ஜீத்து ஜோசஃபே பாபநாசம்னு தமிழ்ல எடுத்தாரு. அதுல ஹீரோவோட திறமை என்னன்னு பாருங்க: சினிமா பாக்கறது. கேபிள் டிவி நடத்தறவர், ராத்திரி வீட்டுக்குப் போகாம ஆபீஸ்ல உக்காந்து படம் பாக்கறாரு, நாலாங்கிளாஸ் படிச்சவரு, படத்துல பாத்ததை வெச்சு ஊருக்காரங்களுக்கு யோசனை சொல்றாரு. முதல் பாதி முழுக்க அது ஒரு பழக்கமாவும் பொண்டாட்டிக்கு ஒரு குறையாவும்தான் இருக்கு. ரெண்டாம் பாதில அதே பழக்கம்தான் குடும்பத்தை போலீஸ்கிட்ட இருந்து காப்பாத்துது. முதல் பாதி மெதுவா போகுதுன்னு சொன்னவங்க நிறைய பேரு, ஆனா அந்த மெதுவுலதான் எல்லாமே உள்ள போச்சு.

நான் ஈ இன்னொரு விதம், 2012ல ராஜமௌலி எடுத்தது. ஹீரோயின் பிந்து மைக்ரோ ஆர்ட் பண்றவ, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு சின்ன சின்னதா செய்யறவ. முதல்ல அது அழகான ஒரு தொழில், காதலுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அப்புறம் ஹீரோ ஈயா பொறந்து வந்தபொறவு ஈக்கு கண்ணாடி யாரு செய்வா, ஆயுதம் யாரு செய்வா? அந்த தொழில் முன்னாடியே இல்லைன்னா அந்தப் படமே நிக்காது. ஈ பழி வாங்குதுன்னு நம்பற நாம, ஈக்கு ஆயுதம் எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் நம்ப மாட்டோம் பாருங்க. நடக்கவே நடக்காத விஷயத்தை படம் ஆரம்பத்துல சொன்னா ஒத்துக்குவோம், நடுவுல சின்னதா ஒரு வசதியை இடைல செருகினா ஒத்துக்க மாட்டோம்.

இதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கர்ணன்ல (2021) தூக்கிப் போடற மீனை வாளால ரெண்டா வெட்டுற சீன், அது ஒளிவு மறைவே இல்லாத திறமைக் காட்சி. ஆனா அங்க ஊரே சுத்தி நிக்குது, வெட்டுனவனுக்குத்தான் ஊர் வாளைக் குடுக்கும், வெட்டலைன்னா அசிங்கம். அந்த சீனுக்கே தனியா ஒரு பந்தயம் இருக்கு. திருவிழா, போட்டி, சாமி காரியம் மாதிரி ஊரே சேர்ந்து ஒருத்தனை சோதிக்கிற இடம் உங்க கதைல இருந்தா நேராவே காட்டலாம். நாட்ராயன் கதைல அப்படி ஒண்ணும் இல்ல, அதனால மறைச்சுதான் காட்டணும்.

படி 4: முடியாததையும் காட்டுங்க

நிறைய பேரு இதை விட்டுடறாங்க. எல்லாம் தெரிஞ்ச ஹீரோ க்ளைமாக்ஸ்ல ஜெயிப்பான்னு ஏற்கனவே தெரியும், அப்புறம் எதுக்கு பாக்கணும்? நாட்ராயன் இருட்டுல ஏறுவான், சரி. மழைல ஏற மாட்டான். அவங்கப்பன் ஈர மரத்துல இருந்து விழுந்து இடுப்பு போனவரு, வாசல்ல கட்டில்லயே கிடக்கறாரு. அதனால மழைன்னா இவன் மரத்தை தொடறதில்ல. தோப்புக்காரர் ஒரு நாள் "இன்னைக்கு இறக்கலைன்னா கலயம் நிரம்பி வழியும்டா"ன்னு கத்துறாரு. இவன் பீடியை பத்த வெச்சுட்டு சாளைத் திண்ணைல உக்காந்துக்கறான், கூலி புடிச்சாலும் பரவால்லைங்கறான்.

இப்ப க்ளைமாக்ஸ்ல மழை பெய்யுது. பாக்குறவன் நிமிந்து உக்காருவான். ஏறத் தெரியுமாங்கிற கேள்வி போயிடுச்சு, ஏறுவானாங்கிற கேள்வி வந்துடுச்சு. திறமையை முன்னாடியே நிறுவறதால கிடைக்கற லாபமே இதுதான், லாஜிக் ஓட்டையை அடைக்கிறது சும்மா உபரி.

அப்பாவைப் பத்தி டயலாக்ல நீட்டி முழக்க வேண்டாம். கட்டில், பக்கத்துல மாட்டியிருக்க, மரம் ஏற கால்ல போடற பழைய தளைக் கயிறு, மகன் சோறு ஊட்டறது. ஒரு ஷாட். வேணும்னா மழை வரும்போது அப்பன் மகனைப் பாக்கற பார்வை இன்னொரு ஷாட்.

படி 5: அடுத்தவங்க வாயால சொல்றதுன்னா

இருக்கறதுலயே மோசமான வழி நண்பன் வந்து "மச்சான், நீ காலேஜ்ல பாக்ஸிங் சாம்பியன்தானடா"ன்னு சொல்றது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயத்தை ஏன் பேசிக்கறாங்க? நமக்காக. அது அப்பட்டமா தெரியும்.

சொல்லியே ஆகணும்னா, அதைக் கேட்டா வயிறு கலங்கற ஆளுகிட்ட சொல்லுங்க. அய்யப்பனும் கோஷியும் (2020) நம்ம பக்கத்து அட்டப்பாடில நடக்கற கதை. அய்யப்பன் நாயரை முதல்ல சட்டப்படி நடக்கற, அமைதியான ஒரு போலீஸ்காரராத்தான் பாப்போம். அப்புறம் அவர் யாரு, முண்டூர் மாடன்னு ஏன் பேரு வந்துச்சு, போலீஸுக்கு எப்படி வந்தாருன்னு இன்னொரு போலீஸ் அதிகாரி சொல்வாரு. யாருகிட்ட? அவரை சீண்டிட்டு வந்திருக்க கோஷிகிட்ட. வெறும் பேச்சுதான் அந்த சீன், ஆனா கேக்கறவன் மூஞ்சி மாறுது. இதையே அய்யப்பனோட ஃப்ரெண்டுகிட்ட சொல்லியிருந்தா தகவல், கோஷிகிட்ட சொன்னதால பயம். அது போக, சொன்னபொறவு காட்டவும் செய்யறாங்க, வெறும் பேச்சோட விட்டுடல.

படி 6: ஒளிச்சு வைக்கணும்னா

எல்லாத்தையும் முன்னாடியே காட்டிட்டா சஸ்பென்ஸ் எங்கன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பாட்ஷா (1995) இல்லாம இந்தப் பேச்சு முடியுமா. மாணிக்கம் ஆட்டோ ஓட்டறாரு, கம்பத்துல கட்டி வெச்சு அடிக்கறாங்க, திருப்பி அடிக்க மாட்டேங்கறாரு. திறமையை காட்டல, சரி, ஆனா இவருகிட்ட என்னமோ இருக்குன்னு விடாம காட்டிட்டே இருக்காங்க. தங்கச்சிக்கு காலேஜ் சீட் கேட்டு போற சீன்ல எதிர்ல இருக்கவரோட மூஞ்சி மாறுறதைத்தான் நாம பாக்குறோம், மாணிக்கம் யாருன்னு நமக்கு சொல்றதில்ல. அடி வாங்கும்போது வலி இருக்கு, பயம் இல்ல. ஆக ஒளிச்சு வைக்கறதுன்னா திறமையை மட்டும் மூடி வைக்கறது, அதோட நிழலை நடமாட விடணும். நிழலே இல்லாம திடீர்னு வந்தா அது ட்விஸ்ட் இல்ல, ஏமாத்து.

விக்ரம்ல (2022) வேலைக்கார அம்மா திடீர்னு ஏஜென்ட் டினாவா மாறுனப்ப தியேட்டரே கத்துச்சே, அதுக்கு முன்னாடி என்ன நிழல் இருந்துச்சுன்னு கேக்கலாம். பெருசா இல்லதான். ஆனா இந்த ஆளுங்க எல்லாம் மறைஞ்சு வாழறவங்கன்னு படம் அதுக்குள்ள சொல்லியாச்சு, அவங்க ஹீரோவும் இல்ல, அந்த சண்டைல உயிரையும் விடறாங்க. பக்கத்துல நிக்கற ஒரு ஆளுக்கு ஒரு தடவை இப்படி குடுக்கலாம், அதுக்கு பெரிய விலையும் வாங்கிக்கணும். ஹீரோவுக்கு அந்த சலுகையை குடுக்காதீங்க.

ஷார்ட் ஃபிலிம்ல ஒளிச்சு வைக்கற வேலை எனக்கு பெருசா பிடிக்காது. பதினஞ்சு நிமிஷத்துல நிழலை நடமாட விட இடமே இருக்காது. ஒரு பாட்டுக்குள்ள எல்லாத்தையும் கத்துக்கற மாண்டேஜும் அப்படித்தான், அதை பெரிய படத்துக்கு விட்டுடுங்க.

படி 7: எந்த நிமிஷத்துல வைக்கறது

இதுக்கு சூத்திரம்னு ஒண்ணும் இல்ல. போன் சீன் மூணாவது நிமிஷம் வாக்குல, மழைல ஏற மாட்டேங்கறது ஏழு எட்டுல, பாம்பு பதினொண்ணுல. நடுவுல வேற ஏதாவது ஒண்ணு ஓடி பாக்குறவனுக்கு மரமே மறந்து போகணும், சாளைல அந்தப் பொண்ணுக்கும் நாட்ராயனுக்கும் உள்ள ஒட்டுதலுக்கு அந்த நேரத்தை குடுங்க. திறமையை காட்டி அடுத்த சீன்லயே பயன்படுத்தினா அதுக்கு காட்டாமயே இருக்கலாம்.

படி 8: ஷூட்டிங்ல

பேப்பர்ல எவ்வளவு நல்லா எழுதினாலும் கையை தனியா முகத்தை தனியா எடுத்தா போச்சு, டூப்புன்னு குழந்தைக்கு கூட தெரியும். ஒரே ஒரு ஷாட்டாவது கைல ஆரம்பிச்சு கட் இல்லாம முகத்துக்குப் போகணும். அந்த ஒண்ணு இருந்தா மத்த ஷாட் எல்லாம் டூப்பா இருந்தாலும் நம்பிடுவாங்க. அதனால நடிகரை முடிவு பண்ணும்போதே அவனுக்கு நிஜமா என்ன வரும்னு கேளுங்க, முடிஞ்சா கதைத் திறமையையே அதுக்கு ஏத்தாப்புல மாத்துங்க. பரோட்டா வீசத் தெரிஞ்ச பையன் கிடைச்சா பரோட்டா மாஸ்டர் கதை எழுதறது புத்திசாலித்தனம்.

மரம் ஏறற சீனுக்கு தயவுசெஞ்சு நடிகனை உயரமான மரத்துல ஏத்தாதீங்க. நம்ம பக்கம் குட்டை ரகத் தென்னை தோப்பு தோப்பா இருக்கு, அதுல ஆளு உயரத்துக்கு கொஞ்சம் மேல உக்கார வெச்சு, கேமராவை தரையோட தரையா வெச்சு வானத்தைப் பாத்து எடுங்க, பின்னாடி ஓலையும் வானமும் மட்டும் தெரியணும். முழு உயரத்துக்கும் ஏறறதை தொழில்காரர் ஒருத்தரை வெச்சு பின்னாடி இருந்து தூரத்துல எடுத்துக்கலாம், அவருக்கும் இடுப்புல கயிறு இருக்கணும், கூலியும் ஒழுங்கா குடுக்கணும். மழை சீனுக்கு அவரையும் ஏத்தாதீங்க, கீழ் அடி மரத்துல ஹோஸ் பைப் வெச்சு தண்ணி ஊத்தி கால் வழுக்கறதை க்ளோசப்ல எடுத்தா போதும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல இருந்து மெஷின் வெச்சு ஏற பயிற்சி குடுத்துட்டு இருக்கு, அப்படி பயிற்சி எடுத்தவங்க கேரளா பக்கம் கிடைப்பாங்க, பாதுகாப்புக்கு அவங்களை கூட வெச்சுக்கறது நல்லது. ஆனா ஃப்ரேம்ல மெஷின் வந்துடக்கூடாது, நாட்ராயன் தளை போட்டு ஏறறவன்.

தொழில்காரரை சும்மா டூப்பா மட்டும் பாக்காதீங்க. நடிகனை அவரு பக்கத்துல உக்கார வைங்க. பாளையை நார்ல கட்டறது, எலும்பால மெதுவா தட்டறது, நுனியை மெல்லிசா சீவறது, இதெல்லாம் பண்ணும்போது அவரு எங்க பாக்கறாருன்னு கவனிக்க சொல்லுங்க. கையை பாக்கவே மாட்டாரு. பாதி நேரம் பக்கத்து மரத்துக்காரன்கிட்ட பேசிட்டு இருப்பாரு. தெரிஞ்சவன் பாக்காம செய்வான், தெரியாதவன் முறைச்சு முறைச்சு பாப்பான். உங்க நடிகன் கத்தியை முறைச்சான்னா எவ்வளவு பில்டப் குடுத்தாலும் நாட்ராயனா தெரிய மாட்டான்.

அப்புறம் ரீஆக்ஷன் ஷாட். ஹீரோ ஏதோ பண்ணுவான், சுத்தி நாலு பேரு வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. வேண்டாமுங்க. கூடவே இருக்கறவங்களுக்கு அது தினசரி நடக்கறது, அவங்க ஏன் வாயைப் பொளக்கணும்? அவன் இருட்டுல அவ்வளவு உயரத்துல தொங்கிட்டு இருக்கும்போது கீழ இருந்து ஒருத்தன் "டீ ஆறுதுடா, வெரசா வா"ன்னு கத்துனா அதுதான் பில்டப்.

படி 9: எடுக்கறதுக்கு முன்னாடி சோதிச்சு பாருங்க

சினிமா பைத்தியங்ககிட்ட வேண்டாம், சும்மா டீக்கடைல உக்காந்திருக்க ஒருத்தர்கிட்ட கதையை சொல்லுங்க. பாம்பு கடிச்சு, மழை கொட்டி, போன்ல சிக்னல் இல்லைங்கற இடத்துல நிறுத்திட்டு டீயைக் குடிங்க. நீங்களா எதுவும் கேக்காதீங்க.

"மரத்துல ஏறி போன் பண்ணிடுவான்"னு அவரு பட்டுன்னு சொன்னாருன்னா போன் சீன்ல நீங்க ரொம்ப அழுத்திட்டீங்க, காமெடியை ஏத்தி சிக்னலை குறைங்க. "அப்புறம் என்னதான் பண்ணான்?"னு கேட்டு, நீங்க சொன்ன பொறவும் "ஓ, மேல சிக்னல் வருமா?"ன்னாருன்னா அது உள்ளயே போகல, திரும்ப எழுதுங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அட, மேல போனா கிடைக்குமே"ன்னு அவரே சொல்லி, சொன்ன கையோட "ஆனா அவன் மழைல ஏற மாட்டானே"ன்னு இழுத்தாருன்னா தோப்புக்காரர்கிட்ட போய் ஷூட்டிங்குக்கு தேதி கேளுங்க.